கல்லில் நிற்காத வரி

நம்புகிறவர்கள் நம்பட்டும், சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். பட்டப்பகலில், என் கையில் உளி இருக்கும்போது நடந்தது இது. ஊர்ப் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

நான் கல்லில் எழுத்து வெட்டுகிறவள். இருபத்திரண்டு வருடத் தொழில். அந்த ஊரின் பொதுக்கூடத்தில் வரலாற்றுக் கல் ஒன்று வைக்க ஊர்த்தலைவர் கூப்பிட்டிருந்தார். ஊர்ப் பெயர் 'கிணறு' என்று முடியும். எந்தக் கிணறு என்று யாருக்கும் தெரியாது. முதல் பாதி யாரோ ஒருவரின் பெயர். தன் கொள்ளுத்தாத்தாவின் செல்லப்பெயர்தான் அது என்றார் தலைவர். முதல் வரியில் ஊர்ப் பெயர், இரண்டாவது வரியில் 'எங்கள் மூதாதை இதைத் தோண்டினார்' என்று வெட்டச் சொன்னார்.

இரண்டு வரியையும் முடித்தபோது மணி 12.50. கூடத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சாப்பிடப் போனேன். 1.30க்குத் திரும்பினேன்.

இரண்டாவது வரியைக் காணவில்லை. உளியே படாததுபோல் கல் வழவழவென்று இருந்தது. வெட்டிய சில்லுகள் மட்டும் தரையில் அப்படியே கிடந்தன...

பயந்தேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபம் அதைவிட அதிகம். என் வேலையை அழிக்க யாருக்கு என்ன தைரியம்? உட்கார்ந்து மறுபடியும் வெட்டினேன்.

டக்.

டங்...

நான் ஒரு தட்டுத் தட்டினால், தரைக்கு அடியிலிருந்து ஒரு தட்டு. பாறையில் கடப்பாரை இறங்கும் சத்தம். நிறுத்தினேன். அதுவும் நின்றது.

பிறகு, அது மட்டும் தனியாக... டங்.

மணி 2.14.

என் கண் முன்னாலேயே எழுத்துகள் மூடிக்கொண்டன. ஒவ்வொன்றாக. புண் ஆறுவது போல.

எழுந்திருக்கவில்லை.

"யாரா இருந்தாலும் சரி," என்றேன். "நான் ஓட மாட்டேன். இது தப்புன்னா, சரியானதை நீ சொல்லு."



கல்லின் மேல் ஈரம்... ஒரு விரல் அகலம். மெல்ல நகர்ந்தது. எழுத்தாயிற்று.

ஊர்ப் பெயரின் முதல் பாதி. பக்கத்தில் ஒரே ஒரு சொல்.

தோண்டினாள்.

ஈரம் காய்வதற்குள் அதன் மேலேயே வெட்டினேன். அடியிலிருந்தும் தட்டு வந்தது. இந்த முறை என் கையோடு சேர்ந்தே வந்தது. எழுத்து மூடவில்லை.

ஐந்து மணிக்குத் தலைவர் வந்தார். படித்தார். முகம் கறுத்தது.

"என்னம்மா இது? நான் எழுதிக் கொடுத்தது எங்க?"

"ரெண்டு தடவ வெட்டினேன். நிக்கல."

"அழிச்சிட்டு ஒழுங்கா வெட்டு."

"மாட்டேன். உளி இந்தா இருக்கு. உங்களால முடிஞ்சா நீங்களே அழிங்க."

உளியைப் பிடுங்கினார். ஓங்கி ஒரு தட்டு.

டங்...

அவர் காலடியில் தரை அதிர்ந்தது. என்னைப் பார்த்தார். உளியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போனார். அதற்குப் பிறகு அந்தக் கல்லைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. கல் இன்றும் அங்கேதான் நிற்கிறது.

என் நாத்தனார் நில அளவை அலுவலகத்தில் எழுத்தர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, மூன்று மாதம் பழைய கட்டுகளைக் கிளறி ஒரு தாளின் நகலைக் கொண்டுவந்தாள்.

"உக்காந்துக்கிட்டுப் படிங்க அண்ணி."

அந்த ஊரை முதன்முதலில் அளந்த பதிவு. இப்போது கூடம் இருக்கும் இடத்தில், கிணறு என்று காட்ட ஒரு சின்ன வட்டம். தலைவரின் கொள்ளுத்தாத்தா பெயருக்கு நிலம் மாறிய அதே வருடம். குறிப்பு என்ற கட்டத்தில், மங்கிய மசியில் இரண்டே வரிகள்:

'கிணற்றை எழுதிக் கொடுக்கச் சம்மதிக்காமல், தோண்டியவள் மேலே ஏறி வர மறுத்தாள்.

அப்படியே மூடப்பட்டது.'