யோகா அக்கா துடைக்கவிடாத மேசை

லண்டனின் தென்கோடிச் சட்டனிலிருந்து யோகா அக்காவின் மகன் தொலைபேசியில் அழைத்தபோது, நானும் மகள் ஆரணியும் குசினி மேசையில் ஒரு பழைய மணிக்கூட்டைக் கழற்றிப் போட்டிருந்தோம். "அன்ரி, அம்மா போயிட்டா" என்றான். போன கிழமைதான் என்னோடு சண்டை பிடித்த மனிசி! எனக்கு நம்ப ஏலவில்லை.

பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் எங்கள் குழுவில், வழி கேட்டு அக்காவிடம் போய் ஏச்சு வாங்காதவர் யாரும் இருக்க முடியாது. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் முதலில் அக்காவிடம் போன காலத்தில் ஆரணி பள்ளிக்கூடத்தில் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தாள். வீட்டில் வாய் ஓயாத பிள்ளை, அங்கே தண்ணீர்கூடக் கேட்கமாட்டாள். காலையில் சப்பாத்தைப் போடும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். இந்த நாட்டில் பிள்ளையைப் பள்ளியால் நிறுத்துவதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, எழுதிக் கொடுத்தால் போதும் என்று கேள்விப்பட்டு நான் துள்ளினேன். அக்கா என்னை முறைத்துப் பார்த்தார். "சட்டம் லேசுதான். அதுதான் எனக்குப் பயம். நீர் பிழை விட்டால் பிள்ளையின்ர காலம்தான் போகும்" என்றார்.

ஆரணியை நிறுத்திச் சில மாதங்களில், வீட்டில் என்ன படிப்பு நடக்கிறது என்று பார்க்க வரலாமா என்று உள்ளூர் கவுன்சில் கேட்டது. வீட்டுக்குள் விடவேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் வாசலுக்கு வருகிற மனிசியை வெளியில் நிறுத்தி வைக்க எங்களால் ஏலுமா? வரச்சொன்னோம். ஆள் வருகுதென்றால் நாங்கள் என்ன செய்வோம்? வீட்டைத் துடைப்போம். சுவரிலிருந்த தேம்ஸ் நதிப் படம், பஞ்சில் முளைக்கவைத்த பயறு, கடதாசியில் செய்த சந்திரன், பெயின்ற் எல்லாவற்றையும் அள்ளி மேல்மாடிக் குளியல் தொட்டிக்குள் போட்டேன். என் கணவர் வேலை ஷிப்டால் வந்து கண்ணாடி அலுமாரியைப் பளபளவென்று மினுக்கினார்.

வந்த பெண் நல்ல மாதிரி. வடை சாப்பிட்டார். சுற்றிப் பார்த்தார். ஆரணியிடம் கேள்வி கேட்டார். ஆரணி வாய் திறக்கவில்லை. பிறகு கடிதம் வந்தது: படிப்பு நடப்பதாகத் தெரியவில்லை, இப்படியே போனால் பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்படி கட்டளை வரும். உடனே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

அக்கா சட்டனிலிருந்து ரெயில் மாறி மாறி கிழக்கு லண்டனில் எங்கள் பிளேஸ்டோவுக்கு வந்து சேர்ந்தார். முன்னறையைப் பார்த்ததுமே, "இதென்ன, பிள்ளை படிக்கிற வீடோ, செத்தவீடோ? இப்பிடித் துடைச்சு வைச்சிருக்கிறீர்!" என்றார். நான் குளியலறையைத் திறந்து காட்டினேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கோபமும் வந்தது. "படிப்பைத் தொட்டிக்குள்ள ஒளிச்சுப்போட்டு, வந்த மனிசிக்கு வடையைக் காட்டினீரோ?"

எல்லாவற்றையும் கீழே இறக்கினோம். கவுன்சில் பெண் இரண்டாம் முறை வந்த அன்று பழக்க தோஷத்தில் மேசையைத் துடைக்கப் போனேன். அக்கா துணியைப் பறித்து யன்னலுக்கு வெளியே எறிந்தார்.

"இப்ப என்ன படிக்கிறாய்?" என்று அந்தப் பெண் ஆரணியைக் கேட்டார். ஆரணி சுவரிலிருந்த படத்தையே பார்த்தாள். அவர் பேனாவை எடுத்தார். பிள்ளைக்குப் பதிலாக நானே சொல்லிவிட வாயெடுத்தேன். அக்கா மேசைக்குக் கீழே என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். நோகப் பிடித்தார். நேரம் நகரவேயில்லை. கடைசியில் ஆரணி எழும்பி, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துப் படத்தடிக்குக் கூட்டிப்போய், தேம்ஸ் ஊற்றெடுக்கும் இடத்திலிருந்து கடல் வரைக்கும் விரலால் இழுத்துக் காட்டினாள். படத்திலிருந்த ஒவ்வொரு பாலத்தின் பெயரையும் எழுதிக் காட்டினாள். ஒரு சொல்லும் பேசவில்லை. கட்டளை வரவில்லை.

அக்காவை எப்போதும் பெற்றோர் பக்கம் நிற்பவர் என்று நினைக்கவேண்டாம். சின்னப்பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று மூத்த மகளைப் பள்ளியால் நிறுத்த வந்த ஒரு தகப்பனை, "உரிமை எண்டு சொல்லிப் பிள்ளையைக் குசினிக்குள்ள பூட்ட என்னட்டை வராதேங்கோ" என்று துரத்திவிட்டார். வீட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பதியவேண்டும் என்ற புதிய சட்டத்துக்கு நாங்கள் எல்லோரும் கொதித்தபோதும், "பேரைக் குடுங்கோ. பிள்ளையை விட்டுக் குடுக்காதேங்கோ" என்றார். போன கிழமைச் சண்டை அதற்குத்தான். நான் இன்னும் சம்மதிக்கவில்லை, அக்கா.

நேற்று அவர் வீட்டுக்குப் போனோம். சனம் நிறைந்திருந்தது. எந்நேரமும் சாமான் குவிந்து கிடக்கும் அக்காவின் மேசை பளிச்சென்று துடைத்துக் கிடந்தது. அதன்மேல் அவர் படமும் ஒரு விளக்கும் மட்டும்.

"அன்ரியின்ர சாமான் எல்லாம் எங்கை?"

ஆரணியின் குரல். முன்பின் தெரியாத இத்தனை பேருக்கு முன்னால், உரத்து. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செத்தவீட்டில் பிள்ளை சத்தம் போடுகிறதே என்று அவளை அடக்க என் வாய் திறந்தது. என் மணிக்கட்டை நானே மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஆர் துடைச்சது?" என்று ஆரணி மறுபடி கேட்டாள்.

அக்காவின் மகன் தலையைக் குனிந்தான். "மேலே," என்றான், "குளியல் தொட்டிக்குள்ள."

ஆரணி படியேறிப் போனாள். அக்காவிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்தப் பிடிதான். நான் இன்னும் மணிக்கட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.