குஞ்சுகளின் அறைக்கு அடுத்த அறை

செத்துப்போன கோழிக்குஞ்சு அவ்வளவு அழகாக இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. மைனி அதை உள்ளங்கையில் வைத்து என் கட்டிலருகே கொண்டுவந்து காட்டினாள். மஞ்சள் தூவி கலையவில்லை. பின்புறம் எச்சம் ஒட்டியிருக்கவில்லை, கழுத்து திருகியிருக்கவில்லை, அலகில் சளியும் இல்லை. சற்று முன்புதான் கண்ணயர்ந்ததுபோலக் கிடந்தது. "சீக்கு வந்த கோழி இப்படியா மக்களே இருக்கும்?" என்று கேட்டாள். பக்கத்தில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பிறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

மைனி என் அண்ணனின் மனைவி. தொண்ணூறுகளின் கடைசியில், தலைப்பிரசவத்துக்காக நான் பாலராமபுரத்துக்குத் தெற்கே இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். அண்ணன் வளைகுடாவில் இருந்தான். என் கணவருக்கு நகரத்துச் சாலைக் கடைத்தெருவில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்துபோவார். வீட்டில் நானும் அம்மாவும் மைனியும் மட்டும். ஓட்டு வீடு. மழைக்கு ஒழுகியதால் ஓட்டின்மேல் பிளாஸ்டிக் தாள் விரித்துக் கட்டியிருந்தோம். தேங்காய் போட்டுவைக்கும் சாய்ப்பு அறையில்தான் மைனி குஞ்சுகளை வளர்த்தாள். அதற்கு அடுத்த அறை எனக்கும் குழந்தைக்கும். நடுச்சுவர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். அதற்குமேல் கூரைவரை வெறும் இடைவெளி. படுத்தபடியே குஞ்சுகளின் கீச்சொலியைக் கேட்கலாம். அந்தச் சத்தத்தைக் கொண்டே அவற்றுக்குக் குளிரா பசியா என்று மைனி சொல்லிவிடுவாள்.

முட்டையிலிருந்து வெளிவந்த மறுநாளே வாங்கிவந்த குஞ்சுகள். உமி பரப்பி, சுற்றிலும் அட்டை வளைத்து, கவிழ்த்த கூடைக்குள் பல்பு தொங்கவிட்டுச் சூடு கொடுத்தாள். கண்ணில் சொட்டு மருந்தும் விட்டாயிற்று. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை இறங்கியது. காற்றில் தென்னை முறிந்து மின்கம்பியின் மேல் விழ, கரண்ட் போய்விட்டது. இன்று வரும், நாளை வரும் என்று பார்த்திருந்தோம். வரவில்லை. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கின. மைனி ஒரு மண்சட்டியில் சிரட்டைக்கரியைக் கனலவைத்து அறையின் நடுவில் வைத்தாள். சாரல் அடிக்காமலிருக்க ஜன்னலைச் சாக்கால் மூடினாள். புகை கொஞ்சமும் இல்லை. என் அறைக்கும் இதமான சூடு வந்தது. நல்லதாகப் போயிற்று என்று அம்மா சொன்னாள். என் அறை ஜன்னல்களை அவள் ஏற்கனவே அடைத்து, இடுக்குகளில் பழந்துணி திணித்து வைத்திருந்தாள். "பேறு கழிஞ்ச உடம்பு. காத்து பிடிக்கப்பிடாது" என்பாள்.

மறுநாள் காலையிலிருந்து குஞ்சுகள் சாகத் தொடங்கின. முதலில் ஒன்றிரண்டு, பிறகு ஏழெட்டு. மிச்சமிருந்தவை தலையைத் தொங்கப்போட்டு, கால் பின்னப் பின்ன நடந்தன. மைனி சட்டியை வெளியே எடுத்துச் சாம்பல் தட்டி, கதவைத் திறந்துவைத்து அறையைப் பெருக்குவாள். மிருக ஆஸ்பத்திரியில் கொடுத்த பொடியைத் தண்ணீரில் கலக்கி வைப்பாள். நடுப்பகலாகும்போது அவை தெளிந்து தீனி பொறுக்கும். மருந்து கேட்கிறது என்று அவள் நம்பினாள். மறுபடியும் கரி போட்டு அறையைச் சாத்துவாள். விடிந்தால் மறுபடியும் சாவு. கழிச்சலில் இரத்தம் உண்டா, வெள்ளையாகப் போகிறதா என்று உமியைக் கிளறிக் கிளறிப் பார்த்தாள். எதுவுமில்லை.

எனக்கும் அந்த நாட்களில் காலையில் தலை பிளந்தது. குமட்டியது. பிள்ளை பெற்ற உடம்பு என்று அம்மா கஷாயம் கொடுத்தாள். அடுக்களைப் பக்கம் வந்து உட்கார்ந்து அதைக் குடித்ததும் வலி விட்டது. குழந்தையோ அழுவதே இல்லை. பால் குடிக்கும்போதே தூங்கிவிடும். பார்க்க வந்தவர்கள் எல்லாம், என்ன சாது, என்ன ஒரு சிவப்பு என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

செத்த குஞ்சை என்னிடம் காட்டிய அந்தக் காலையில் மைனி, குஞ்சுகள் குளிர் தாங்காமல்தான் சாகின்றன என்று முடிவுகட்டி, வழக்கத்தைவிட அதிகமாகக் கரி போட்டாள். சாய்ப்பின் கதவை இறுகச் சாத்திவிட்டு, செத்த குஞ்சுகளை ஒரு பையில் எடுத்துக்கொண்டு மழையில் கிளம்பினாள். நான் குழந்தையோடு மீண்டும் படுத்தேன். அம்மா முற்றத்துக்கு அப்பால் அடுக்களையில் இருந்தாள்.

மிருக ஆஸ்பத்திரியில் நடந்ததை மைனி பிறகு பலமுறை சொல்லியிருக்கிறாள். அங்கே புதிதாக வந்திருந்த டாக்டரம்மா மலையாளி. இவளுக்காகத் தமிழ் கலந்து பேசுவாராம். ஒரு குஞ்சை வெட்டிப் பார்த்தார். குடலைப் பார்த்தார், ஈரலைப் பார்த்தார். இன்னொன்றை வெட்டினார். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டார். இரத்தம் குங்குமத்தைக் கரைத்ததுபோல இருந்ததாம்.

"இத்ர சிவப்பு வரக்கூடாதல்லோ. கரண்ட் இல்லாம சூடு எங்ஙனெ கொடுக்குறீங்க?"

"சிரட்டைக்கரி போட்டு வச்சிருக்கேன் டாக்டரே."

"ஜன்னல்?"

"சாரலுக்குச் சாக்கு கட்டியிருக்கு."

டாக்டரம்மா எழுந்துவிட்டார். "அடுத்த அறையில ஆராவது உறங்குறாங்களா?"

"நாத்தனாரு… பச்சப்பிள்ள" என்று மட்டும் மைனி சொல்லியிருக்கிறாள். எங்கள் பக்கத்து வீட்டுப் போன் மழையில் செத்துக்கிடந்தது. வாசலில் பசுக்களோடு காத்திருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு, டாக்டரம்மா மைனியோடு ஆட்டோவில் ஏறினார்.

எனக்கு நினைவிருப்பது துண்டு துண்டாகத்தான். யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் அவசரம் ஒன்றுமில்லை என்றும் தோன்றுகிறது. எழுந்திருக்கப் பார்க்கிறேன், கால்கள் எனக்குச் சொந்தமில்லை. பிறகு ஜன்னல் பலகை பெயரும் சத்தம். நனைந்த சேலை என் முகத்தில் உரசியது. மைனி குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடினாள். அம்மா என்னை இழுத்து முற்றத்தில் போட்டாள். டாக்டரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சாய்ப்புக்குள் போய்க் கனல் சட்டியைக் கொண்டுவந்து மழையில் கவிழ்த்தார். அது சீறியது.

மைனியின் கையில் என் மகள் துணிபோலத் தொங்கினாள். கன்னம் அதே சிவப்பு. மைனி அவள் உள்ளங்காலைச் சுண்டினாள், முகத்தில் ஊதினாள், "மக்களே, மக்களே" என்று கத்தினாள். மழைத்துளி அந்த மூடிய இமைகளில் விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் விக்கல்போல ஒரு சின்ன மூச்சு. அவ்வளவுதான். "வண்டியில ஏறு, நிக்கண்டா" என்று டாக்டரம்மா தள்ளினார். "மூடின அறையில கரி விடுற விஷவாயு முதல்ல பறவைக்குத்தான் ஏறும். அதுங்க சாகலைன்னா நமக்கு அறிஞ்சிருக்காது" என்று வழியில் அவர் சொன்னது காதில் விழுந்தது.

நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் பிராணவாயு கொடுத்தார்கள். எனக்குத் தெளிந்துவிட்டது. குழந்தையைப் பற்றி மட்டும் டாக்டர்கள் உறுதியாகச் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்தில்லை, மூளைக்கு என்ன என்பதை வளரும்போதுதான் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த வார்த்தையோடு நாங்கள் வருஷக்கணக்கில் வாழ்ந்தோம். அவள் தலை நிற்பதற்கும், குப்புற விழுவதற்கும், முதல் சொல் சொல்வதற்கும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தோம். இப்போது அவள் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவள். ஆனாலும் ஒரு பெயரையோ தேதியையோ அவள் மறந்துவிட்டுத் தேடும்போது, நான் செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு அவளைப் பார்ப்பேன். மைனியும் அந்த நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் திரும்பிய அன்றும் மழை விடவில்லை. பிழைத்த குஞ்சுகளை மைனி பின்கொட்டகைக்கு மாற்றி, வெந்நீர்ப் பாட்டில்களைத் துணியில் சுற்றி நடுவே வைத்திருந்தாள். மருந்தை டாக்டரம்மா நிறுத்தச் சொல்லிவிட்டார். அதன்பிறகு ஒன்றுகூடச் சாகவில்லை. "கோழி வளர்த்து எம்பிள்ளைய எடுத்திருப்பா" என்று அம்மா என்னிடம் மட்டும் முணுமுணுத்தாள். மைனிக்கும் அது கேட்டிருக்கும்.

குழந்தையைக் கட்டிலில் கிடத்தியதும், சாரல் உள்ளே வருகிறது என்று அம்மா பழக்கத்தில் ஜன்னலைச் சாத்தப் போனாள். மைனி குறுக்கே வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அம்மாவை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை.

"காத்து வரட்டும் மாமி."

அம்மா அவளைப் பார்த்தபடி நின்றாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். ஈரக்காற்று அறைக்குள் புகுந்தது. சாரல் முகத்தில் பட்டதும் குழந்தை முகத்தைச் சுளித்தாள், கையை உதறினாள், வீடு அதிர வீறிட்டு அழுதாள். யாரும் அவளைத் தூக்கப் போகவில்லை. நாங்கள் மூவரும் அசையாமல் நின்று அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.