வாடை தெரியாமல் வாங்கிய வண்டி

பஸ்ஸில் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்களைக் கண்டால் இஷ்தியாக் அகமதுவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியின் பச்சைத் தோல் குடோனில் அவருக்கு வேலை. உப்புப் போட்டு லாரியில் வந்திறங்கும் ஆட்டுத் தோல்களை விரித்து, தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது முதல் ரகம், இது மட்டம், இது எதற்கும் ஆகாது என்று பிரித்துப் போடுவார். தொட்ட மாத்திரத்தில் ஆடு எந்தப் பக்கம் மேய்ந்தது என்று சொல்லிவிடுவதாகப் பீற்றிக்கொள்வார். ஆட்டைக் கேட்டு யாரும் சரிபார்த்ததில்லை. மீசை அரும்புகிற வயதில் அந்த குடோனுக்குள் போனவர், தாடி நரைத்த பிறகும் அங்கேயேதான் இருக்கிறார்.

வேலை முடிந்ததும் டேனரியிலேயே ஒரு குளியல். வீட்டுக்கு வந்து இன்னொரு குளியல். அதற்குமேல் கழுத்திலும் மணிக்கட்டிலும் அத்தர். ஒரு மனிதன் இதற்குமேல் என்னதான் செய்ய முடியும்? தோலை உரிப்பதுபோல உடம்பை உரித்துப் போட்டுவிட்டா பஸ் ஏற முடியும்?

மகள் அம்பரீனின் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க, மனைவி வஜீதாவோடு மூன்று பேருமாக வேலூருக்குப் போன அன்று அது நடந்தது. பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மாள் முந்தானையை மூக்கில் வைத்தாள். பிறகு எழுந்துபோய் முன்பக்கம் நின்றுகொண்டாள். உட்கார இடம் இருந்தும் நிற்கிறாள்! அவளைப் பார்த்து இன்னொருத்தி. கடைசியில் கண்டக்டர் வந்து குனிந்தார்.

"பாய், கோச்சுக்காதீங்க. கொஞ்சம் கடைசி சீட்டுக்குப் போய்டுங்க. ஜனங்க என்னைப் பேஜார் பண்றாங்க."

இஷ்தியாக் எழுந்து போனார். தாயும் மகளும் தலையைக் குனிந்தபடி பின்னாலேயே போனார்கள். அந்தக் கண்டக்டரின் காலில் பளபளவென்று தோல் ஷூ. இஷ்தியாக்குக்கு அருவருப்பு தாங்கவில்லை. காலுக்குத் தோல் வேண்டும், இடுப்புக்குத் தோல் வேண்டும், காசு வைக்கத் தோல் வேண்டும். அதைப் பக்குவம் செய்து கொடுக்கிறவன் பக்கத்தில் மட்டும் உட்காரக் கூடாது. என்ன ஜென்மங்களோ!

வீட்டுக்கு வந்ததும் கேட்டார்: "எம்மேல நெஜமாவே வாடை அடிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. அத்தர் வாசனைதான் வருது" என்றாள் வஜீதா. அம்பரீனும், "ஆமாம்பா, அந்த ஜனங்களுக்குத் திமிரு" என்றாள். இஷ்தியாக் நம்பினார். வீட்டு மனுஷர்கள் சொல்வதை நம்பாமல் பஸ்ஸில் வருகிற யாரோ சொல்வதையா நம்புவது? ஆனால் அன்றோடு வஜீதாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவதை விட்டுவிட்டார்.

அம்பரீன் பாகாயத்தில் வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளை தௌசீப் நல்ல பையன். அவள் உண்டானதிலிருந்து ஒரு வாடையும் ஆகவில்லை. தாளித்தால் வாந்தி, சோப்பைப் பிரித்தால் வாந்தி. மசக்கை போகிற மாதம் தாண்டியும் அது அவளை விடவில்லை. தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். "பஸ்ஸெல்லாம் என்னால ஆவாதுப்பா" என்று போனிலேயே அழுதாள். கூட்டத்தில் நசுங்காமல், யாரும் யாரையும் பின்னால் போகச் சொல்லாமல், மகளைச் சொந்த வண்டியில் அழைத்து வர வேண்டும் என்று இஷ்தியாக் அன்று முடிவுகட்டினார். சம்பந்தியம்மா ஜஹீருன்னிசா வாசலில் நின்று பார்க்க, கதவைத் திறந்து அம்பரீனை உட்கார வைக்க வேண்டும். அவருக்கு வேறு ஆசையே கிடையாது.

புது வண்டிக்கு வழி இல்லை. பழைய கார் விற்கும் நவநீதனிடம் போனார். நவநீதன் வேலூரில் ஹைவே ஓரமாகக் கொட்டகை போட்டு, பழைய கார்களைக் கழுவிக் கழுவி நிறுத்தி வைத்திருப்பவன். வாய் திறந்தால் தேன்.

"இது வாடகைக்கு ஓடின வண்டி பாய். டிரைவர் இல்லாம, எடுக்கிறவங்களே ஓட்டிக்கிற வாடகை. மொத்தல்ல கறுப்பு நம்பர் போர்டு, இப்ப பேப்பரெல்லாம் மாத்தி சொந்த வண்டிக்கான வெள்ளை போர்டு. வாடகை வண்டின்னா சில பேர் பயப்படுவாங்க. ஆனா பாருங்க, சொந்த வண்டிக்காரன் ஆயில் மாத்த மறந்துடுவான். வாடகைக் கம்பெனிக்காரன் மறக்கவே மாட்டான். ஃபைலைப் பாருங்க."

ஃபைல் கனமாகத்தான் இருந்தது. ஆயில் மாற்றிய பில், பிரேக் கட்டை மாற்றிய பில், டயர், பேட்டரி, பெல்ட், எல்லாம் வரிசை தப்பாமல். இவற்றுக்கு நடுவே அடிக்கடி ஒரு பில் வந்தது. சீட்டையும் தரை விரிப்பையும் மருந்து போட்டு அலசிய பில். இஷ்தியாக்குக்கு அதைப் பார்த்து மனசு குளிர்ந்துவிட்டது. எவ்வளவு சுத்தமான மனுஷர்கள்! இத்தனை தடவையா கழுவியிருக்கிறார்கள்!

குடோனில் அவர் வாயாலேயே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார், மட்டமான தோலுக்குத்தான் மேல்பூச்சு ஜாஸ்தி என்று. நல்ல தோலை அப்படியே விடுவார்கள்; புண்ணும் வடுவும் இருக்கிற தோலைத்தான் பூசிப் பூசி மினுக்குவார்கள். அந்த ஞானம் எல்லாம் அன்று எங்கே போய்த் தொலைந்தது என்று தெரியவில்லை.

என்ஜின் பார்க்க ஆம்பூரிலிருந்து மெக்கானிக் கோபியைக் கூட்டிப்போயிருந்தார். கோபி பானெட்டைத் திறந்து, காதை வைத்து, படுத்துப் புரண்டு பார்த்து, "வண்டி கல்லு மாதிரி இருக்குது பாய்" என்றான். பொய் இல்லை. என்ஜின் அப்படித்தான் இருந்தது. கோபியின் பட்டறை இருப்பது டேனரியின் மதில்சுவரை ஒட்டி, கழிவுநீர்க் கால்வாய்க்கு எதிரே. அவன் மூக்கும் எப்போதோ செத்துப்போன மூக்குதான்.

வண்டிக்குள் மூன்று வாசனைப் புட்டிகள் தொங்கின. கண்ணாடிகள் நான்கும் இறங்கியிருந்தன. ஓட்டிப் பார்க்கப் போனபோது நவநீதன் பின்சீட்டில் உட்கார்ந்து, வழி முழுக்கக் கர்சீஃபை மூக்கிலிருந்து எடுக்கவேயில்லை.

"இன்னா நவநீதன், ஜலதோஷமா?"

"ஆமா பாய், ரெண்டு நாளா ஒரே சளி."

"மிளகு ரசம் வெச்சுக் குடிங்க. கம்மியாய்டும்" என்று பரிவோடு சொன்னார் இஷ்தியாக். நவநீதன் நன்றி வேறு சொன்னான். கேடுகெட்டவன்.

ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தபோது இஷ்தியாக்குக்கு ஏனோ ரொம்ப நாள் பழகிய இடத்தில் உட்கார்ந்தமாதிரி இருந்தது. புது இடத்துக் கூச்சமே இல்லை. "இது நமக்குன்னே இருந்த வண்டி" என்றார். சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அன்றே கொடுத்துவிட்டார்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் வஜீதா முன்கதவைத் திறந்தாள். திறந்தவள் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு உள்ளே உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்றாள்.

"ஏசி போட்டிருக்கேன், கண்ணாடிய ஏத்து."

"ஏசி எனக்கு ஒத்துக்காது. காத்து வந்தா நல்லது."

மறு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை கழிந்து பாகாயம் புறப்பட்டபோதும் வழி நெடுக அதே கதைதான். வெயில் முகத்தில் அறைந்தது, லாரிப் புகை உள்ளே வந்தது, வஜீதாவோ முகத்தை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு வந்தாள். இவ்வளவு கொடுத்து வண்டி வாங்கி, ஏசி காற்றை அனுபவிக்கத் தெரியவில்லையே என்று இஷ்தியாக்குக்கு எரிச்சலாக இருந்தது.

சம்பந்தி வீட்டில் பிரியாணி சாப்பிட்டு, துஆ ஓதி, பழத்தட்டோடு எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். இஷ்தியாக் ஆசைப்பட்டபடியே பின்கதவைத் திறந்து பிடித்தார். பழத்தட்டை உள்ளே வைக்கக் குனிந்த ஜஹீருன்னிசா சட்டென்று நிமிர்ந்து, தட்டைத் தௌசீப்பின் கையில் கொடுத்துவிட்டு, துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை தட்டை வைத்துவிட்டு அவசரமாகப் பின்வாங்கினான். அம்பரீன் பிள்ளைத்தாய்ச்சி, மெதுவாக ஏறி உட்கார்ந்தாள். புழுதி படக்கூடாதென்று இஷ்தியாக் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றி, ஏசியை முழுசாகத் திருப்பினார்.

தெருமுனைகூட வரவில்லை. "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கதவைத் தட்டினாள் அம்பரீன். இறங்கி, சாக்கடை ஓரமாகக் குனிந்து, குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தாள். வஜீதா முதுகைத் தடவிக்கொண்டே, "அல்லா, அல்லா" என்றாள். சம்பந்தி வீட்டு வாசலில் எல்லாரும் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள என்னமோ செத்துக் கெடக்குதுப்பா" என்றாள் அம்பரீன்.

இஷ்தியாக் டிக்கியைத் திறந்தார். மேலே விரித்திருந்த புது விரிப்பைப் பிய்த்து எறிந்தார். அடியில் பழைய விரிப்பு, பிசுபிசுவென்று கறுத்துப்போய் இருந்தது. ஸ்டெப்னியைத் தூக்கினார். அது இருந்த குழியில் துருப்பிடித்த தகடு பொருக்குப் பொருக்காக உரிந்தது. ஓரத்தில் பழுப்பாக உறைந்த நீர்க்கறை, கறையில் ஒட்டிக்கொண்டு கறுப்பு ஆட்டு ரோமம், பரல் பரலாகக் கல்லுப்பு. அந்த உப்பை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தார். யாரையும் கேட்க வேண்டியதே இல்லை. ஈரத் தோலுக்குப் போடும் உப்பு. தோலிலிருந்து ரத்தமும் கொழுப்புமாக வடிந்த தண்ணீர் இறங்கி, விரிப்பையும் இரும்பையும் தின்றிருக்கிறது.

போனை எடுத்தார். கெட்ட வார்த்தை எதுவும் பாக்கி வைக்கவில்லை. நவநீதன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"பக்ரீத் டைம்ல வேன் கெடைக்காது பாய். குர்பானித் தோல் கெட்டுப்போறதுக்குள்ள கொண்டாந்து சேக்கணும். உங்க ஊரு ஏஜென்டுங்கதான் இந்த வண்டிய வாடகைக்கு எடுத்து, சீட்டை மடிச்சுப் போட்டு ரொப்பிக்கினு போவாங்க. கம்பெனிக்காரனும் கழுவிக் கழுவிப் பார்த்து முடியாமத்தான் எனக்குத் தள்ளிவிட்டான். நான் எதையும் மறைக்கலியே? கழுவின பில்லெல்லாம் ஃபைல்லயே இருந்துச்சு. வந்தவங்க எல்லாம் கதவைத் தொறந்ததுமே ஓடுனாங்க. நீங்க ஒருத்தர்தான் உள்ள உக்காந்து 'நமக்குன்னே இருந்த வண்டி'ன்னு சொன்னீங்க. எனக்கே ஆச்சரியம்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. த்தூ என்று ரோட்டில் துப்பினார் இஷ்தியாக். ஏமாற்றிய நவநீதன் மேல் அருவருப்பு, தோலை அடைத்து ஏற்றிய ஏஜென்ட்கள் மேல் அருவருப்பு, தூரத்தில் துப்பட்டாவை இன்னும் எடுக்காமல் நிற்கும் சம்பந்தியம்மா மேல் அருவருப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சந்தேகம். குனிந்து டிக்கிக்குள் மூச்சை இழுத்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அம்பரீன், எப்படிம்மா இருக்குது அந்த வாடை? எனக்குத் தெரியலியே."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். களைத்துப்போயிருந்தாள். யோசித்துப் பேசுகிற நிலையில் இல்லை.

"நீங்க வேலை முடிஞ்சு வீட்டுக்கு வருவீங்களேப்பா, அதே வாடைதான். இது கொஞ்சம் ஜாஸ்தி."

"அம்பரீன்!" என்று வஜீதா அதட்டினாள். அதட்டிய பிறகுதான் அதட்டியிருக்கக் கூடாது என்று அவளுக்குப் புரிந்தது.

தௌசீப் டாக்ஸிக்குச் சொல்லியிருந்தான். அது வரும்வரை மூன்று பேரும் வேப்ப மரத்தடியில் நின்றார்கள். இஷ்தியாக் மனைவியிடமிருந்து இரண்டு எட்டு தள்ளி நின்றார்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டார்.

வஜீதா இனி மறைத்துப் பயனில்லை என்று முடிவுசெய்துவிட்டாள். "நிக்காஹ் ஆன நாள்லேர்ந்து."

"கேட்டப்பல்லாம் இல்லன்னு சொன்னே?"

"இருக்குதுன்னு சொன்னா இன்னா பண்ணியிருப்பீங்க? வேலைய விட்டுட்டிருப்பீங்களா? இல்ல, வேற வீட்டுக்குப் போய்ட்டிருப்பீங்களா?"

இஷ்தியாக் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். பஸ்ஸில் எழுந்து போனவளைத் திட்டியிருக்கிறார், கண்டக்டரைத் திட்டியிருக்கிறார், நவநீதனின் சளிக்கு ரசம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இத்தனை பேரும் மூக்கு இருக்கிற மனுஷர்களாகத்தான் நடந்துகொண்டார்கள் என்று அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

டாக்ஸி வந்தது. தாயும் மகளும் பின்னால் ஏறினார்கள். "முன்சீட்டுல நீங்களும் ஏறுங்கப்பா. வண்டிய அப்புறமா வந்து எடுத்துக்கலாம்" என்றாள் அம்பரீன்.

இஷ்தியாக் டாக்ஸியின் கதவைச் சாத்தினார். "நீங்க போங்க. நான் பின்னாலயே வர்றேன்."

அது கண்ணுக்கு மறைந்ததும் வண்டியில் ஏறி, தொங்கிய மூன்று புட்டிகளையும் அறுத்துச் சாக்கடையில் வீசினார். நான்கு கண்ணாடிகளையும் ஏற்றினார். ஏசியை முழுசாகத் திருப்பினார். வாயை மூடிக்கொண்டு, மூக்கால் நெஞ்சு வலிக்கிற அளவுக்கு மூச்சை இழுத்தார். பள்ளிகொண்டா தாண்டியும், ஆம்பூர் வரும்வரைக்கும் இழுத்துக்கொண்டே இருந்தார். மகள் வாந்தி எடுத்த அந்த வாடை, வஜீதா காலமெல்லாம் சகித்துக்கொண்ட அந்த வாடை, ஒரு தடவைகூட அவருக்கு வரவில்லை.