சரசாவுக்குப் பிடித்த நிழல்வேந்தன்

நெமிலிச்சேரி சரசாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஒரு வில்லன்மேல் பிரியம் வந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. மண்ணூர்பேட்டையில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலை அவளுக்கு. மதியம் டப்பாவைத் திறந்ததும் அங்கே பெண்களின் முதல் பேச்சே முந்தைய நாள் பார்த்த ‘பவளக்கோட்டை’ பற்றித்தான் இருக்கும்.

பேசும் கிளி, பறக்கும் குதிரை என்று குழந்தைகளுக்காக எடுத்த தொடர் அது. பெரியவர்கள்தான் விழுந்து விழுந்து பார்த்தார்கள். காரணம் நிழல்வேந்தன். மனிதர்களின் நிழலைப் பிடுங்கிக் குடுவையில் அடைக்கிற மந்திரவாதி. நிழல் போனவர்கள் போகப் போகத் தங்கள் பெயரையே மறந்துவிடுவார்கள். இத்தனை அக்கிரமம் செய்பவன், சிறுவயதில் கொட்டும் மழையில் அரண்மனை வாசலில் நின்று கதறினான், ஒருவரும் கதவைத் திறக்கவில்லை என்று ஒரு நாள் காட்டினார்கள். சரசா அன்றைக்கே கவிழ்ந்துவிட்டாள். ஒவ்வொரு குடுவையை மூடும்போதும் அவன் கண் கலங்கும். அந்தக் கண்ணுக்காகவே ஓட்டமும் நடையுமாக ரயிலைப் பிடித்து, வீட்டுக்கு வந்து, முகம்கூடக் கழுவாமல் டிவி முன்னால் உட்காருவாள்.

இளவரசனை அவளுக்குப் பிடிக்காது. “அவன் நல்லவனா கீறதுக்கு இன்னா கஷ்டம்? அம்மா கீது, அரமன கீது. இவனுக்கு இன்னா கீது?” என்பாள்.

“நெசத்துல வந்தான்னா உன் நெழலையும் புடுங்கிகினு பூடுவான்” என்று சிரிப்பார் அவள் புருஷன் கங்காதரன். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் குரல் உயர்த்திப் பேசாத மனிதர்.

தையல் லைனில் அகல்யா என்ற பெண் இருந்தாள். காலர் தைப்பதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. புருஷன் நிர்மலின் அடி தாங்காமல் பட்டாபிராமில் அம்மா வரலட்சுமி வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மா சொல்வதைவிடச் சரசா சொல்வதை அதிகம் கேட்பாள்.

ஒரு சாயங்காலம் கம்பெனி கேட் ஓரமாக நிர்மல் தூறலில் நனைந்தபடி நின்றுகொண்டிருந்தான். அகல்யா அன்று லீவு. சரசாவைப் பார்த்ததும் கிட்ட வந்தான்.

“அக்கா, சின்ன வயசுல எங்கப்பன் என்னக் கட்டி வெச்சு அடிப்பாரு. அதான் கோவம் வந்தா எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. அவ இல்லாம ஊட்டுக்குள்ள போவ முடியல. நீயாச்சும் சொல்லுக்கா.”

அவன் கண் கலங்கியது. சரசாவுக்கு நெஞ்சு இளகியது. அந்த நிமிடம் அவள் பார்த்தது நிர்மலை அல்ல என்பது பிற்பாடுதான் அவளுக்கே புரிந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அகல்யாவைத் தனியாக அழைத்தாள். “அவன் கெட்டவன் இல்லடி, கெட்டுப்போனவன். யாருமே கதவத் தொறக்கலன்னா அவன் எப்பத்தான் திருந்துவான்? ஒருதபா நீ தொறந்து பாரேன்.”

அகல்யா வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். “நீ சொல்றியேன்னு போறேன்க்கா” என்றாள்.

போனாள். கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. சரசா அதைச் சொல்லிப் பெருமைகூடப் பட்டுக்கொண்டாள். பிறகு ஒரு நாள் அகல்யா வேலைக்கு வரவில்லை. முந்தின ராத்திரி அவள் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது நிர்மல் போனைப் பிடுங்கப் போய், வலது மணிக்கட்டை முறுக்கி உடைத்துவிட்டான். உடைத்த பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதவனும், ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவனும் அவனேதான்.

சரசா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வார்டு வாசலிலேயே வரலட்சுமி மறித்துக்கொண்டாள். “நீதானே அனுப்பிச்ச? உன் பொண்ணா இருந்தா அனுப்பியிருப்பியா?”

புருஷன் கையை ஓங்கினால் எப்படி இருக்கும் என்று சரசாவுக்குத் தெரியாது. தெரியாமலேயே புத்தி சொல்லியிருந்தாள்.

“உடும்மா” என்றாள் உள்ளே படுத்திருந்த அகல்யா. “நானும்தான் நம்புனேன்.”

அவள் திட்டியிருந்தால்கூடச் சரசா தாங்கியிருப்பாள்.

வீட்டுக்கு வந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. நிழல்வேந்தன் ஒரு குழந்தையின் நிழலைக் குடுவையிலிருந்து திறந்துவிட்டு, அது ஓடிப்போவதைப் பார்த்துக்கொண்டு தனியாக நின்றான். சரசா செருப்பைக்கூடக் கழற்றாமல் பார்த்தாள். கண்ணில் நீர் திரண்டது. அதை உணர்ந்ததும் யாரோ அறைந்ததுபோல் இருந்தது. பாய்ந்துபோய் டிவியை அணைத்தாள்.

“இன்னாச்சு?” என்றார் கங்காதரன்.

“அங்க அந்தப் பொண்ணு கை ஒடைஞ்சு படுத்துனு கீது. இங்க எனக்கு இன்னமும் இவன் மேல பாவமா கீதுய்யா. நான்லாம் இன்னா ஜென்மம்?”

அவர் ரிமோட்டை எடுத்து அலமாரிமேல் வைத்தார். அதன்பிறகு அந்த வீட்டில் பவளக்கோட்டை ஓடவில்லை.

அடுத்த வாரம் நிர்மல் மறுபடி கேட்டுக்கு வந்தான். “அக்கா, நீ சொன்னா கேப்பா. இந்த ஒருதபா...” அதே கண், அதே நீர். இப்போதும் உள்ளே எங்கோ இளகத்தான் செய்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“நீ அழுவுறது நெசந்தான்டா. நான் இல்லன்னு சொல்லல” என்றாள். “அவ கை ஒடைஞ்சதும் நெசம். இனிமே இந்தப் பக்கம் வராத.” சொல்லிவிட்டு, அவன் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்தாள்.

அகல்யா மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தபோது சரசாவும் கூடப் போனாள். கேட்டில் அவன் பேசியதையும், தான் சொல்லித்தான் அவள் திரும்பிப் போனாள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். வழக்கு இன்னும் நடக்கிறது. வரலட்சுமி அவளிடம் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கட்டு பிரித்ததும் அகல்யா வேலைக்குத் திரும்பினாள். மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை. காலர் தைக்க வேறு ஆள் வந்துவிட்டது. அவளை நூல் வெட்டும் மேஜையில் உட்கார வைத்தார்கள். சரசாவின் மேஜைக்கு அடுத்த மேஜை அது. தைத்துவந்த ஒவ்வொரு காலரையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பது சரசாவின் வேலை. தையல் கோணியிருந்தால் அவள் தலை நிமிர்ந்து பக்கத்து மேஜையைப் பார்க்க மாட்டாள்.

பவளக்கோட்டை முடிந்தது. கடைசி நாளில் நிழல்வேந்தன் எல்லாக் குடுவைகளையும் உடைத்துவிட்டுச் செத்துப்போனானாம். மறுநாள் அதைக் கண்ணை விரித்துக்கொண்டு சொன்னவள் அகல்யாதான்.

“நீ பாக்கலியாக்கா? நான் தேம்பித் தேம்பி அழுதேன்.”

சரசா திகைத்தாள். “உன்னால எப்டிடி அத பாக்க முடியுது?”

“நான் இன்னா அவனுக்குப் பொண்டாட்டியா? ஆஃப் பண்ணா பூடுறான்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். சரசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வழக்கம்போல அகல்யாவின் டப்பாவைத் திறந்து கொடுக்கக் கையை நீட்டினாள். அகல்யா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“உடுக்கா. எத்தினி நாளைக்குத் தொறந்துகினே இருப்ப?”

டப்பாவைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கையால் மூடியைத் திருகினாள். லேசில் வரவில்லை. சரசா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.