கை உயர்த்திய சனிக்கிழமை

பிள்ளைகளே,

போன கிழமை சாப்பாட்டு மேசையில் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்து அங்கேயும் இங்கேயும் வளைந்து போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூத்தவள் பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய காலத்து அமெரிக்காவில் சில சிந்தனையாளர்கள் இருந்தார்களாம். அவர்களுடைய கொள்கைக்கு டிரான்சென்டென்டலிசம் என்று பெயராம். சொல் என் வாய்க்குள் அடங்கவில்லை. விஷயம் விளங்கியது. சரி எது, பிழை எது என்று காட்டுகிற ஒன்று ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இருக்கிறது, ஊர் முழுக்க வேறு மாதிரிச் சொன்னாலும் அதை நம்ப வேண்டும் என்பதுதான் அது. பிறகு அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, நீங்கள் எப்பவாவது அப்பிடிச் செய்திருக்கிறியளோ? எல்லாரும் ஒரு பக்கம் நிக்க, நீங்கள் மற்றப் பக்கம்?"

"ஓம், எத்தினையோ தரம்," என்றேன்.

சின்னவன் விடவில்லை. "ஒண்டைச் சொல்லுங்கோ பாப்பம்."

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிவிட்டேன். உண்மையில் இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. அதை ஹம் நகர ரயில் ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்து கழித்தேன். ஒரு தரம்கூட நினைவுக்கு வரவில்லை. அதற்கு நேர்மாறான ஒன்றுதான் வந்தது.

மூத்தவளே, உனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரு டீச்சர் படிப்பித்தார். நினைவிருக்கும். முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டு, கிடைக்கிற ஓய்வு நாளில் வந்து படிப்பித்தவர். ஒரு கிழமை வரவில்லை, பிறகு வரவேயில்லை. டீச்சருக்கு வேலை மாறிவிட்டது என்று உன்னிடம் சொன்னவன் நான். வேலை ஒன்றும் மாறவில்லை. நாங்கள்தான் அவரை நிறுத்தினோம்.

காரணம் ஒரு கட்டுரை. 'எல்லோரும் செய்கிறார்கள், எனக்குச் சரியென்று படவில்லை' என்ற தலைப்பில் உங்கள் வகுப்பை எழுதச் சொல்லியிருந்தார். உன்னோடு படித்த ஒரு பிள்ளை, தான் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு வேண்டாம், மண்டபம் வேண்டாம், சோடித்த கதிரையில் இருக்க வெட்கமாக இருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டாள். நீ என்னைப் பற்றி எழுதினாய். 'என் அப்பா டெலிபோனில் எல்லாருக்கும் ஓம் ஓம் என்று சொல்லுவார். வைத்த பிறகு அம்மாவிடம் ஏலாது என்று சொல்லுவார். எனக்கு அது சரியென்று படவில்லை.'

கொப்பியில் அதை வாசித்த அன்று சிரித்தேன். குளியலறைக்குள் போய் முகம் கழுவினேன். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பெற்றோர் கூட்டம். டீச்சர் வீட்டுக்குப் போகும் வரை பொறுத்திருந்தோம், அவருக்குச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தோம். மழைக்கு ஜன்னல் எல்லாம் பூட்டியிருந்தது, ஈர ஜாக்கெட் மணம். முன்னுக்கு, பள்ளிக்கூடத்தை நடத்துகிற தமிழ்ச் சங்கத்தின் பொறுப்பாளர் நின்றார். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். நான் இந்த நாட்டுக்கு ஒரு பையோடு வந்தபோது இங்கே தங்குவதற்கான ஆன்ட்ராக், அதாவது விண்ணப்பப் பத்திரங்களை நிரப்பித் தந்தவர், தொழிற்சாலையில் எனக்காகப் பேசியவர், இந்த வீட்டை எடுத்துத் தந்தவர்.

"டீச்சர் கூடாத ஆள் எண்டு நான் சொல்லேல்லை," என்று தொடங்கினார். "ஆனா பிள்ளையளைத் தாய் தேப்பனுக்கு எதிராக் கிளப்பிவிடுறது படிப்பிக்கிற வேலையோ?"

அந்தப் பிள்ளையின் தாய் எழும்பினார். "ஹோல் எடுத்தாச்சு, கார்ட் அடிச்சாச்சு, லண்டனில இருந்து சனம் டிக்கெட் போட்டாச்சு. இவள் எனக்கு வேண்டாம் எண்டு கட்டுரை எழுதுறாள்! நான் எந்த முகத்தோட சனத்துக்குச் சொல்லுறது?"

"எழுத்துப்பிழை ஏதும் இருந்ததோ அக்கா?" என்று பின்னுக்கிருந்து ஒருவர் கேட்டார்.

"ஒண்டும் இல்லை."

"அதுதான் பிரச்சினை. எங்கட வீட்டுப் பிள்ளை எழுதினால் ஒருத்தருக்கும் விளங்காது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் பொறுப்பாளர் என் பக்கம் திரும்பினார். "உங்கட மகளும் ஏதோ எழுதினவளாம், என்ன?"

எல்லா முகமும் திரும்பியது. "சின்னப் பிள்ளைதானே அண்ணை," என்றேன். உள்ளுக்குள் ஒன்று தெளிவாகச் சொன்னது: டீச்சர் செய்ததில் பிழை இல்லை, எழும்பிச் சொல்லு. கதிரை என் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. எழும்புவதென்றால் கதிரையும் சேர்ந்து எழும்பும், எல்லாரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு மனிசியின் மானம் போகப்போகிற நேரத்தில் நான் யோசித்தது கதிரையைப் பற்றி.

"அப்ப டீச்சரை நிப்பாட்டச் சம்மதமெண்டால் கையை உயர்த்துங்கோ."

முன்வரிசையில் கைகள் எழும்பின. பக்கத்தில் இருந்தவரின் கை எழும்பியது. என் கை போனது என்று எழுதப் பார்த்தேன், வெட்டிவிட்டேன். கை தானாகப் போகாது. நான் உயர்த்தினேன்.

அப்போது ஒரு இளம் தகப்பன் போனைத் தூக்கி, ஒற்றுமையைக் காட்டுகிறாராம், படம் எடுத்துப் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அந்தக் குழுவில் டீச்சரும் இருக்கிறார் என்று ஒருவருக்கும் அந்த நேரம் தோன்றவில்லை. தோன்றியபோது அழித்தார்கள். அதற்குள் கால் மணித்தியாலம் போய்விட்டது.

"நீங்கள்தானே அவவின்ர தெருவில இருக்கிறியள்," என்றார் பொறுப்பாளர் என்னிடம். "பள்ளிக்கூட அலுமாரியைப் பூட்டுற திறப்பு அவவிட்டை. வாங்கிக்கொண்டு வாங்கோ."

"ஓம் அண்ணை," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனேன். டீச்சர் வேலைக்கு வெளிக்கிட்டு, வெள்ளைச் சப்பாத்து மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்.

"வாங்கோ அண்ணை. திறப்புக்குத்தானே?"

"அவையள் அனுப்பினவை டீச்சர். நான்..."

"தெரியும். படம் பாத்தனான்." கொக்கியில் இருந்து திறப்பை எடுத்தார். "உங்கட கைதான் எல்லாத்துக்கும் மேல நிக்குது. உயரமான ஆள்தானே."

நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் குடுத்த தலைப்புப் பிழையெண்டு உங்களுக்குப் பட்டதோ?"

"இல்லை டீச்சர்."

"அப்ப?"

நான் திறப்புக்குக் கையை நீட்டினேன். அவர் அதைக் கையில் வைத்தார். பிறகு, "பஸ்ஸுக்கு நேரமாகுது. மகளின்ர கொப்பி திருத்தியாச்சு, கொண்டுபோங்கோ," என்று அதையும் கையில் வைத்தார்.

படிக்கட்டில் நின்று திறந்து பார்த்தேன். உன் கட்டுரைக்குக் கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'அப்பா ஏன் அப்படிச் செய்கிறார் என்று அவரிடமே கேட்டாயா? கேட்டுப்பார். அவருக்கும் ஒரு காரணம் இருக்கும்.'

பெற்றாருக்கு எதிராகக் கிளப்பிவிட்டவர் என்று நாங்கள் நிறுத்திய டீச்சர் எழுதியது அது. அந்தக் கொப்பியை நான் உன்னிடம் தரவில்லை. நிலக்கீழ் அறையில், குளிர்கால டயர்களுக்குப் பின்னால் வைத்தேன். நீ கேட்டுவிடுவாய் என்ற பயம். இப்போது இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்.

காரணம் இருந்ததா? இருந்தது. அந்த அமெரிக்க மனிதர்கள் தங்கள் சொந்த மண்ணில், சொந்தப் பாஷையில் நின்றுகொண்டு தன்னை நம்பு என்றார்கள். எனக்கு ஊர் என்பது இங்கே இருபது தமிழ் வீடு. பத்திரம் வாசித்துச் சொல்ல, காய்ச்சல் வருத்தம் என்று படுத்தால் பார்க்க, செத்தால் வர அந்த இருபது வீடும்தான். அவர்கள் முகம் திருப்பினால் எங்கே போவது? இப்படித்தான் அன்று எனக்கு நானே சொன்னேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், டீச்சருக்கும் அதே இருபது வீடுதான். அவர் அந்தத் தலைப்பைக் கொடுத்தாரே. ஆகவே என் காரணத்தை நீங்கள் காரணமாக மட்டும் எடுங்கள், நியாயமாக எடுக்காதீர்கள்.

அதற்குப் பிறகும் நான் வெளியே வரவில்லை. கூட்டங்களுக்குப் போனேன், கதிரை அடுக்கினேன், விழாவுக்குச் சோறு காய்ச்சினேன். டீச்சரைத் தெருவில் கண்டால் மற்றப் பக்கம் மாறினேன். இரண்டு வருடத்தில் அவர் எசன் நகரத்துக்கு வீடு மாறிப் போனார். ஒரு வார்த்தை போய்ச் சொல்லவில்லை. இன்றைக்கும் போன் அடித்தால் என் வாயில் முதலில் வருவது ஓம்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. திறப்பு வாங்கிய அடுத்த சனிக்கிழமை, அதைப் பொறுப்பாளரிடம் கொடுப்பதற்கு முதல், ஒருவரும் வர முன்னமே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அலுமாரியைத் திறந்தேன். மேல் தட்டில் கூட்டக் குறிப்புகள் வைக்கிற கோப்பு இருந்தது. புதிதாகக் கோத்திருந்த தாளில், 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று அச்சடித்திருந்தது. என் பேனை முதலில் எழுதவில்லை. உள்ளங்கையில் கீறிப் பார்த்து மை வர வைத்தேன். அந்த வரிக்குக் கீழே, 'நானும் கை உயர்த்தினேன். என் மனதுக்கு விரோதமாக உயர்த்தினேன். டீச்சர் மேல் பிழை இல்லை,' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். என் கையெழுத்து ஒருவருக்கும் விளங்காது. அதனால் பக்கத்தில் முழுப் பெயரையும், ஒவ்வொரு எழுத்தாக, வாசிக்கக்கூடிய விதமாக எழுதினேன்.