பஸ்ஸில் போன சங்கிலி

கூட்டமான பஸ்ஸில் குழந்தையோடு நின்றால், உட்கார்ந்திருக்கிற யாராவது கை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பேர், ஊர் விசாரிக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. அப்படித்தான் ஒரு முகூர்த்த நாளில், குடவாசலிலிருந்து கும்பகோணம் போகிற பஸ்ஸில், அம்மா என்னை ஒரு திருடியிடம் ஒப்படைத்தாள்.

பாசமான திருடி. கடலை மிட்டாய் கொடுத்தாள். "அம்மாவுக்கு ஒரு முத்தம் குடு தங்கம்" என்றாள். அம்மா குனிந்தாள், நான் கொடுத்தேன். அடுத்த நிறுத்தத்தில் என்னை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவள் இறங்கிப் போனாள். கும்பகோணம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தாள். சங்கிலி இல்லை.

வீட்டில் ஒருத்தரும் நம்பவில்லை. அந்த நேரம் பார்த்து மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு பழைய பைக் வாங்கித் தொலைத்திருந்தார். "பஸ்ல போச்சா, தம்பி பைக்ல போச்சா?" என்று கேட்டார், அப்பாவின் அக்காவான அத்தை. அப்பா மட்டும் வாயைத் திறக்கவில்லை. இவராவது நம் பக்கம் என்று அம்மா இருந்தாள்.

சம்பா அறுவடை சமயத்தில், அம்மா புகார் கொடுத்திருந்த போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். வேறொரு பஸ்ஸில் அவள் பிடிபட்டிருந்தாள். மாமாவோடு ஸ்டேஷனுக்குப் போன அம்மா, நகைக் குவியலில் தன் சங்கிலியை அடையாளம் காட்டினாள். கையில் தரவில்லை. கேஸ் முடியட்டும் என்றார்கள். "தம்பியே சாட்சியா, பேஷ்" என்றார் அத்தை.

அப்புறம் வாய்தா. ஒரு நாள் வக்கீல் வரவில்லை. ஒரு நாள் ஜெயிலிலிருந்து அவளைக் கூட்டி வரப் போலீஸ் இல்லை. ஒரு நாள் எல்லோரும் வந்தார்கள், கரண்ட் வரவில்லை. நடவு நாளில்கூட அப்பா வயலைப் போட்டுவிட்டுத் தவறாமல் கூட வந்தார். கோர்ட் வராந்தாவில் அவள் என்னைப் பார்த்து, "பாப்பா நல்லா வளந்துருச்சே" என்றாள்.

"வளராம? உன் கேஸு முடியறதுக்குள்ள அதுக்குக் கல்யாணமே ஆயிடும்" என்றாள் அம்மா.

ஒருவழியாக அம்மா கூண்டில் ஏறினாள். "எடுத்தத நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டார் திருடியின் வக்கீல்.

"பாத்திருந்தா எடுக்க விட்டுருப்பனா சார்?" என்றவள், நீதிபதி பக்கம் திரும்பினாள். "ஐயா, அவங்கள என்ன வேணா செய்ங்க. என் செயினக் குடுத்துருங்க. எங்க வீட்ல நான்தான் திருடி மாதிரி நடமாடிக்கிட்டு இருக்கேன்."

அவளுக்குத் தண்டனை கிடைத்தது. அதற்கப்புறமும் எங்களை நடையாய் நடக்கவிட்டுத்தான் சங்கிலியைக் கொடுத்தார்கள்.

கோர்ட் வாசலில் அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் அவ்வளவு தெளிந்து நான் பார்த்ததே இல்லை.

"அட, நெசமாவே பஸ்லதான் போயிருக்கு" என்றார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இங்க குடுங்க" என்று வாங்கி, கழுத்தில் போடாமல் பையில் போட்டாள். ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கோ எரிச்சல். அதுதான் கிடைத்துவிட்டதே, இன்னும் எதற்கு அழுகிறாள்?