அட்டை போட்ட இரண்டு புத்தகங்கள்

அம்மா போன மாதம் இறந்துபோனாள். பெயர் மரியபுஷ்பம். சேலத்துக்கு மேலே மலையில், மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் அலசும் தொட்டியடியில் வேலை பார்த்தாள். பழத்தைத் தண்ணீரில் கொட்டினால் திரண்டது அடிக்குப் போகும், சொத்தை மிதக்கும். மிதப்பதை அள்ளி ஒதுக்குவது அவள் வேலை.

அவளுக்கு ஒரே ஒரு ஆளிடம்தான் பொறாமை. செல்வமேரி. இருவரும் சிறுவயதில் ஒன்றாகப் பழம் பறித்தவர்கள். செல்வமேரி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் மரியஜோசப்பைக் கட்டிக்கொண்டு ஓட்டு வீட்டுக்குப் போனாள். அம்மா கூலியாட்களின் லைன் வீட்டிலேயே இருந்தாள். செல்வமேரி புதுச் சேலையில் பூசைக்கு வந்த அன்று எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு கூடிவிடும்.

1987இல் நானும் செல்வமேரியின் மகன் லூர்துராஜும் பன்னிரண்டாம் வகுப்பு. இருவரும் பொறியியல் நுழைவுத் தேர்வு எழுதவிருந்தோம். கணக்கில் சறுக்கினால் கல்லூரி இல்லை, எனக்கும் தொட்டியடிதான்.

லூர்துராஜிடம் அந்தத் தேர்வுக்கு ஒரு புத்தகம் இருந்தது. பழுப்புக் காகித அட்டை. புத்தகத்தின் பெயர் அச்சடித்த முதல் தாளைச் செல்வமேரி சோற்றுப் பசையால் அட்டையோடு ஒட்டிவிட்டிருந்தாள், யாரும் பார்த்துவிடாமல் இருக்க.

கோயில் வாசலில் அம்மா கேட்டாள். “என்ன புஸ்தகம் புள்ள அது?”

“எனக்கென்ன தெரியும்? அவங்கப்பா வாங்கியாந்தது. நொம்பக் கஷ்டமாம். உம் புள்ளைக்கு ஆகாது.”

அந்த வாரமே அம்மா என்னைச் சேலத்துக்குக் கூட்டிப் போனாள். கடைக்காரர் இரண்டு புத்தகங்களை எடுத்துப் போட்டார். ஒன்று மெல்லியது. கேள்வி, நான்கு விடை, அவ்வளவுதான். மற்றது செங்கல் மாதிரி, ஒவ்வொரு கணக்குக்கும் பக்கம் பக்கமாக விளக்கம். அம்மா ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தாள்.

“ஏனுங்க, இது என்னங்க காத்தாட்டம் இருக்குது?”

“இந்தப் பரீட்சைக்கு அதாங்கம்மா எல்லாரும் வாங்கறாங்க. நிமிஷத்துக்கு ஒரு கணக்குப் போடோணும்.”

“சின்னதே போதும்மா” என்றேன்.

“மெதக்கறதை வாங்கித் தரவா கண்ணு மலையெறங்கி வந்தேன்?”

கனத்ததை வாங்கினாள்.

பள்ளியில் வைத்த மாதிரித் தேர்வில் பாதிக் கேள்விகளை நான் தொடவே இல்லை. ஒரு கணக்குக்கு இரண்டு பக்கம் எழுதிப் பழகிய கை. லூர்துராஜ் முடித்துவிட்டு வெளியே நின்று கொய்யா தின்றுகொண்டிருந்தான். அவனிடம் இருந்தது அந்த மெல்லிய புத்தகம்தான். பக்கங்களைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் கண்டக்டரைப் பிடித்து, சேலத்திலிருந்து மெல்லியதை வாங்கிவரச் சொன்னாள். கடையில் தீர்ந்துவிட்டது என்று வந்து சொன்னார். அன்று அம்மா சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்து மீந்த சிவப்புப் பளபளப்புத் தாளில் என் புத்தகத்துக்கு அட்டை போட்டிருந்தாள். முதல் தாளைச் சோற்றுப் பசையால் ஒட்டியும் விட்டிருந்தாள். பூசை முடியும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தாள். செல்வமேரி திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“அதென்ன புள்ள, பைபிளாட்டம்?”

“கணக்குப் புஸ்தகம். நொம்பக் கஷ்டம். உம் பையனுக்கு ஆகாது.”

மறுநாளே செல்வமேரி எங்கள் லைன் வீட்டு வாசலில் நின்றாள்.

“பரீட்சை வரைக்கும் மாத்திக்கலாமா புள்ள?”

“அதெப்படி? எம் புள்ள எதைப் படிக்கும்?”

“எங்களதைத் தர்றேன்ல?”

அம்மா பெருமூச்சு விட்டாள். மனமில்லாமல் எடுத்துக்கொண்டு வருவது போல உள்ளே போய் வந்தாள். ஒருவர் புத்தகத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு, யார் முதலில் விடுவது என்று இரண்டு பேரும் நின்றார்கள். கடைசியில் ஒரே நேரத்தில் விட்டார்கள்.

கதவைச் சாத்திவிட்டு அம்மா சொன்னாள், “ஏமாந்துட்டா.” சரிவில் இறங்கிப் போன செல்வமேரியும் அதையேதான் சொல்லிக்கொண்டு போயிருப்பாள்.

மெல்லிய புத்தகத்தில் என் கை வேகம் பழகியது. சேலத்திலேயே இடம் கிடைத்தது. அம்மா அரை நாள் சிரித்த முகமாக இருந்தாள். சாயங்காலம் லூர்துராஜுக்குச் சென்னையில் கிடைத்த செய்தி வந்தது. மெல்லியதை அவன் ஏற்கெனவே முடித்திருந்தான். அதில் புரியாமல் விட்டதையெல்லாம் கனத்ததில் படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறான்.

“எங்கையால தூக்கிப் பாத்து வாங்குனது. எம் புஸ்தகத்துலதான் அவன் படிச்சான். நீ ஏன் கண்ணு படிக்கல?”

எனக்குக் கிடைத்த இடம் அன்றோடு அவளுக்குப் பாதியாகிவிட்டது.

இரண்டு புத்தகங்களும் திரும்பவே இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அம்மா கேட்பாள், “எம் புஸ்தகம் எங்க?” செல்வமேரி சொல்வாள், “மொதல்ல எங்களதைக் குடு.” லூர்துராஜ் கார் வாங்கிய வருடம் மட்டும் அம்மா கேட்கவில்லை. கார்ப் பேச்சு வரும் என்று பயம்.

போன மாதம் அம்மாவின் சவப்பெட்டியை மூடும் முன்பு செல்வமேரி வந்தாள். கையில் அந்தப் புத்தகம். சிவப்புத் தாள் வெளுத்துப் போயிருந்தது. அம்மாவைப் பார்த்து, “இந்தா, கேட்டுக்கிட்டே இருந்தியே” என்றாள். பிறகு அதை என்னிடம் தந்தாள்.

நான் அலமாரியிலிருந்து மெல்லியதை எடுத்து வந்து நீட்டினேன். நீட்டினேனே தவிர, கை விடவில்லை. அம்மா தொட்ட ஒன்று அந்த வீட்டுக்குப் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

செல்வமேரி கையை எடுத்துக்கொண்டாள்.

“நீயே வெச்சுக்க கண்ணு. நான் வாங்கிட்டுப் போயிட்டா, வருசா வருசம் வந்து கேக்க எனக்கு என்ன இருக்கு?”